துடிப்பின் அகலம்

முதலில் செய்துகொடுத்தது தப்பு.
ஒரே ஐ.சி., ஒரே குமிழ்.
வில்லாபுரம் மாவுக்கடையில் துவாரகநாத்
அதை வலப்பக்கம் முறுக்கியதும்
வால்வு படபடவென்று திறந்து மூடியது.
ஞாயிறு விடிவதற்குள் முந்நூறு பாக்கெட்.
திங்கட்கிழமை அவனியாபுரத்துக்காரர் ஒருவர்
கைத்தராசோடு வந்து நின்றார்.
அரைக் கிலோ என்று அச்சடித்த பையில்
நானூற்றுப் பத்து.

"செட்டாப் பாக்ஸ் பொண்ணு செஞ்சா இப்படித்தான்"
என்றார் துவாரகநாத்.
என் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

குற்றம் குமிழில் இல்லை.
எத்தனை தரம் என்பதையும்
எவ்வளவு நேரம் என்பதையும்
ஒரே கயிற்றில் கட்டியிருந்தேன் நான்.
ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் குறையும்.
அவசரப்படுகிற எவருக்கும்
கை சுருங்கத்தானே செய்யும்.

டவுன்ஹால் ரோட்டில் இன்னொரு ஐந்நூற்றைம்பத்தைந்து.
பன்னிரண்டு ரூபாய்.
ஒன்று கூப்பிட மட்டும்.
மற்றது திறக்க மட்டும்.
கூப்பிடுகிறவன் விரலை எடுக்காமல் அழுத்தினால்
நேரம் முடிந்தும் கதவு மூடாது.
அதனால் நடுவே ஒரு பொடிக் கெப்பாசிட்டர்:
தொட்டாயா, போதும், விலகு.

ஒன்று புள்ளி ஒன்று பெருக்கல்
நூறு கிலோ ஓம் பெருக்கல்
பத்து மைக்ரோ ஃபாரட்.
விடையும் ஒன்று புள்ளி ஒன்று, வினாடியில்.
சமன்பாடு இவ்வளவு அழகாக இருந்தால்
எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.
பெயரில்தான் பத்து.
உள்ளே எட்டு இருக்கும், பன்னிரண்டும் இருக்கும்.
ஒரு ட்ரிம்பாட் வைத்து
தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து
இருபத்தாறு பை மாவை வாளியில் கொட்டி
ஐந்நூறில் நிறுத்தினேன்.

"இது அசையக் கூடாது" என்றேன்.
பை பிடிக்கிற ஒச்சம்மாள்
இடுப்புச் சுருக்கிலிருந்து நகப்பூச்சு எடுத்தார்.
மகளுடையதாம், பள்ளிக்கூடத்தில் பிடுங்கித் தந்தார்களாம்.
திருகின் தலையில் சிவப்பாக ஒரு சொட்டு.
காயும்வரை இருவரும் ஊதினோம்.

இனி வெளிக்குமிழ் மட்டும்.
எதிர்முனைக்கு முறுக்கினால் பன்னிரண்டு நொடிக்கு ஒன்று.
இம்முனைக்கு முறுக்கினால் நான்கு.
நான்குக்குக் கீழே இறங்காதபடி
ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டுவிட்டேன்.
"இன்னும் வெரசா ஓடாதா?"
"முந்தின துடிப்பு முடியாம
அடுத்ததுக்கு வேலையில்ல சார்" என்றேன்.
அது உண்மை.
ஆனால் அதற்கு ஒன்றரை நொடி போதும்.
மீதி இரண்டரை
பையை வாங்கி, வாயை முறுக்கி, சீல் வைத்து,
அடுத்ததை விரிக்கிற
இரண்டு கைகளை எண்ணிப் போட்டது.
எந்தப் படத்திலும் அதை நான் வரையவில்லை.

குமிழ் தன் மேசையில் வேண்டும் என்றார்.
"ஒயர் எட்டாது சார்."
பையில் சுருளாகக் கிடந்தது இரண்டு மீட்டர்.
குமிழ் ஒச்சம்மாளின் இடதுகைப் பக்கம் அமர்ந்தது.

பங்குனி பிறந்து ஒரு சாயங்காலம்
தராசுக்காரர் மறுபடி வந்தார்.
நானூற்று நாற்பது.
ஓடிப் போனேன். சிவப்புச் சொட்டு விரிசல்கூட விடவில்லை.
ஸ்கோப்பில் பார்த்தால் வினாடி ஒன்று புள்ளி ஒன்று,
மயிரிழை பிசகவில்லை.

ஒச்சம்மாள்தான் ஹாப்பர் மூடியைத் திறந்து காட்டினார்.
வெயிலில் மாவு பொங்கியிருந்தது.
நுரை நுரையாய், உள்ளே பாதி காற்று.
"காலையில இருந்த மாவா இது?"

நேரத்தைப் பூட்டிவிட்டேன்.
எடையை யார் பூட்டினார்கள்?

அடுத்த ஐ.சி.க்கு என்னென்ன வேண்டும் என்று
ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்:
எடை உணரி, பெருக்கி, ஒப்பிடுகிற ஒன்று.
அதற்குள் வால்வு திறந்து மூடுகிறது,
டக்.
ஒச்சம்மாள் பையைத் தராசில் வைக்காமலே
உள்ளங்கையில் ஒரு தரம் குலுக்கி
அரைக் கரண்டி மாவை மேலே போடுகிறார்.
குமிழை ஒரு மயிரளவு
இடப்பக்கம் தள்ளிக்கொள்கிறார்.
டக்.